பினாங்கு–லண்டன் விமான தூரம் எவ்வளவு? நாலு இடத்தில் நாலு எண் வருகிறது

வாசுகி (பாயான் லெப்பாஸ்):

வணக்கம். அலுவலகப் பயணக் கணக்கில் ஒவ்வொரு விமானப் பயணத்துக்கும் தூரத்தை எழுத வேண்டும், அதை வைத்துக் கரிம வெளியேற்றமும் கணக்கிட வேண்டும். பினாங்கு–லண்டன் வரியில் சிக்கிக்கொண்டேன். ஒரு இணையதளம் 10,284 என்கிறது. இன்னொன்று 6,390. மூன்றாவது 5,553. டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர் 10,930 என்று குறித்திருக்கிறார். பயணம் பினாங்கிலிருந்து கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம்), அங்கே விமானம் மாறி லண்டன் ஹீத்ரோ.

நேரத்தை வைத்துப் பார்த்தால் இதில் எதுவுமே பொருந்தவில்லை. கோலாலம்பூர்–லண்டன் மட்டும் 14 மணி நேரம் காட்டுகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 12,600 கி.மீ. வர வேண்டும் அல்லவா?

மூன்று கேள்விகள். எந்த எண் சரி? எக்செலில் நானே கணக்கிட முடியுமா? திரும்பி வரும்போது மட்டும் ஏன் நேரம் குறைவு?

கணக்கு வாத்தியார் (கிள்ளான்):

வாசுகி, நீங்கள் எழுதிய முதல் மூன்று எண்களும் ஒரே தூரம்தான். அலகு வேறு. 10,284 என்பது கிலோமீட்டர். 6,390 என்பது தரைமைல், ஒரு மைலுக்கு 1.609 கி.மீ. 5,553 என்பது கடல்மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. மூன்றும் பினாங்கு விமான நிலையத்துக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் ஆகக் குறுகிய வழி. எந்தத் தளத்தில் பார்த்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு என்ன என்று முதலில் பாருங்கள். வெறும் "மைல்" என்று போட்டிருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். விமானிகளும் விமானப் பாதை வரைபவர்களும் கடல்மைலில் பேசுவார்கள், பயணப் புள்ளித் திட்டங்கள் பெரும்பாலும் தரைமைலில் கணக்கிடும். இரண்டுக்கும் 15 விழுக்காடு வித்தியாசம் இருப்பதால் தவறாக எடுத்தால் ஆயிரம் கி.மீ.க்கு மேல் பிசகும்.

முகவர் சொன்ன 10,930-உம் சரியே. அது இரண்டு பறப்புகளின் கூட்டல்: பினாங்கு–கே.எல்.ஐ.ஏ. 325, கே.எல்.ஐ.ஏ.–ஹீத்ரோ 10,605.

எக்செல் கணக்குக்கு வருவோம். ஒரு பறப்புக்கு நான்கு எண்கள் போதும்: இரு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்.

பினாங்கு: அட்சரேகை 5.2971 வடக்கு, தீர்க்கரேகை 100.2769 கிழக்கு.
கே.எல்.ஐ.ஏ.: 2.7456 வடக்கு, 101.7099 கிழக்கு.
ஹீத்ரோ: 51.4706 வடக்கு, 0.4619 மேற்கு.

மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும், அதாவது ஹீத்ரோவுக்கு −0.4619. நான்கையும் 'ரேடியன்ஸ்' (RADIANS) சார்புக்குள் கொடுத்து, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்செலின் சைன், காஸ் இரண்டும் டிகிரியைப் புரிந்துகொள்ளாது.

பிறகு இரண்டு பெருக்கல்கள். முதலாவது: இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். பினாங்குக்கு 0.0923, ஹீத்ரோவுக்கு 0.7823, பெருக்கினால் 0.0722. இரண்டாவது: இரு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள். வித்தியாசம் 100.7388 டிகிரி. 90-ஐத் தாண்டியதால் அதன் காஸ் எதிர்மம், −0.1863. மூன்றையும் பெருக்கினால் −0.1156. இரண்டு விடைகளையும் கூட்டினால் −0.0434 அளவில் வரும். அதை, காஸ் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் 'ஏகாஸ்' (ACOS) சார்புக்குள் போட்டு, பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.-ஆல் பெருக்குங்கள். 10,284 கி.மீ. கிடைக்கும். இடையில் எண்களைச் சுருக்காமல் முழுசாக விடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள்:

ஹீத்ரோவுக்குக் கழித்தல் குறி விட்டுப்போனால் 10,221 வரும். 63 கி.மீ. குறைவு. நம்பும்படியான எண் என்பதால் யார் கண்ணிலும் படாது, அதனால்தான் ஆபத்து. ரேடியன் மாற்றம் விட்டுப்போனால் விடை கண்டபடி இருக்கும், உடனே பிடித்துவிடலாம். பாகை–கலை–விகலையில் (டிகிரி–மினிட்–செகண்ட்) இருப்பதை அப்படியே தசமமாக எழுதுவது இன்னொரு தவறு. பினாங்கின் 5 பாகை 17 கலை 50 விகலை என்பது 5.1750 அல்ல, சுமார் 5.297. கலையை 60-ஆலும் விகலையை 3,600-ஆலும் வகுத்துச் சேர்க்க வேண்டும்.

கடல்மைல் வேண்டுமென்றால் இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. 'ஏகாஸ்' விடையை மறுபடி டிகிரியாக்கி 60-ஆல் பெருக்குங்கள். பூமியின் மேல் ஒரு கலை அளவுதான் ஒரு கடல்மைல் என்று முதலில் வகுத்தார்கள். அதனால் கடலிலும் வானிலும் அந்த அலகு இன்னும் நிற்கிறது.

வீட்டில் உருண்டைப் பூகோளம் இருந்தால் பினாங்கில் ஒரு நூல் நுனியைப் பிடித்து லண்டன் வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகப் படியும் வழிதான் பெருவட்டப் பாதை. சுவரில் மாட்டிய மெர்கேட்டர் வகைத் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் கிடைப்பது வேறு வழி. அந்தக் கோட்டில் திசைகாட்டி கடைசி வரை ஒரே கோணத்தில் நிற்கும், ஆனால் தூரம் கூடும். கே.எல்.ஐ.ஏ.–ஹீத்ரோவுக்கு அது 11,050 கி.மீ., பெருவட்டத்தைவிட 445 கி.மீ. அதிகம். பெருவட்டப் பாதையில் விமானம் 322 டிகிரியில் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த கோணம்), நல்ல வடமேற்காகக் கிளம்பி, லண்டனை நெருங்கும்போது 259 டிகிரியில், ஏறக்குறைய மேற்கு நோக்கி இருக்கும். வழியெல்லாம் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகிறது.

சிப்பாங் வான்வழி:

வாத்தியார் சொன்னது தரையில் அளந்த தூரம். 14 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதை நான் எழுதுகிறேன். இதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: பெருவட்டத் தூரம், உண்மையில் பறக்கும் பாதையின் தூரம், காற்றைக் கணக்கில் சேர்த்த தூரம்.

முதலில், பெருவட்டக் கோடு எந்த நாடுகளின் மேல் போகிறது என்று பாருங்கள். கே.எல்.ஐ.ஏ.வில் தொடங்கி அந்தமான் கடல், வங்காள விரிகுடா, ஒடிசா கரை, லக்னோ, பெஷாவர் பக்கம், இந்துகுஷ் மலை, உஸ்பெகிஸ்தான், காஸ்பியன் கடலின் வட முனை, ரஷ்யா–உக்ரைன் எல்லை, கியவ் நகருக்குச் சற்று வடக்கே, வார்சா, பெர்லினின் தென் விளிம்பு, லண்டன். அதன் வட உச்சி பெர்லின் அருகே 52.35 டிகிரி. லண்டன் அதற்குக் கொஞ்சம் தெற்கே இருப்பதால் கடைசியில் கோடு சற்றுக் கீழிறங்குகிறது.

இந்தக் கோட்டின் நடுப்பகுதி முழுவதும் சிக்கல். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதற்கு முன்பே, 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்எச்17 கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து நம் ஊருக்கு வரும் குறுகிய வழி அதன் மேல்தான் கிடந்தது என்பதை இந்தக் கோட்டைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டிலிருந்து வான்வழிக் கட்டுப்பாட்டுச் சேவை நின்றுபோனது. அங்கே பறப்பவர்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே வானொலியில் அறிவித்துக்கொண்டு போக வேண்டும். பாகிஸ்தான் வான்வெளி 2019 பிப்ரவரி 27-இல் மூடி ஜூலை 16-இல்தான் முழுதாகத் திறந்தது. ஈரான், ஈராக் வான்வெளி 2025 ஜூன் 13-இல் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் பாதை தெற்கே தள்ளப்படுகிறது.

தள்ளினால் எவ்வளவு கூடும்? சில இடங்களைப் பெருவட்டத் துண்டுகளால் இணைத்துக் கணக்கிட்டால் அளவு பிடிபடும். இவை உண்மையான பறப்புத் திட்டங்கள் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

கோலாலம்பூர்–பாகு–ஜார்ஜியா கரை–கருங்கடல்–ருமேனியா கரை–லண்டன்: சுமார் 10,760 கி.மீ. பெருவட்டத்தைவிட 155 கி.மீ. மட்டுமே கூடுதல், பத்து நிமிடம். உக்ரைனை மட்டும் சுற்றிப் போவது அவ்வளவு பெரிய செலவில்லை. ஆனால் இந்த வழிக்கு ஆப்கானிஸ்தான் வேண்டும்.

கோலாலம்பூர்–மும்பை–மஸ்கட்–இஸ்தான்புல்–லண்டன்: சுமார் 11,080 கி.மீ. கூடுதல் 470, அரை மணி நேரம். இதற்கு ஈரான், ஈராக் திறந்திருக்க வேண்டும்.

கோலாலம்பூர்–மும்பை–மஸ்கட்–ரியாத்–கெய்ரோ–லண்டன்: சுமார் 11,550 கி.மீ. கூடுதல் 950. ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

ஏ350-900 போன்ற விமானம் மணிக்கு 6 டன் அளவில் எரிபொருள் குடிக்கும். அரை மணி நேரம் கூடினால் 3 டன். அந்த 3 டன்னைப் புறப்படும்போதே ஏற்ற வேண்டும், ஏற்றிய எடையைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஏற்றியதில் மணிக்கு 3 முதல் 4 விழுக்காடு சுமப்பதிலேயே தீர்ந்துபோகும் என்பது பொதுவான கைக்கணக்கு. 13 மணி நேரப் பறப்பில் அது சின்ன விஷயம் அல்ல. சரக்கைக் குறைக்க வேண்டிய நாளும் வரும்.

இந்துகுஷ் மலையில் வேறொரு கணக்கும் உண்டு. விமானத்தினுள் காற்றழுத்தம் போய்விட்டால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியின் ஆக்சிஜன், விமானத்தைப் பொறுத்து, சுமார் 12 முதல் 22 நிமிடம்தான். அங்கே கீழே 7,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் இருக்கின்றன, திரிச் மீர் 7,708 மீட்டர். எந்த இடத்தில் அழுத்தம் போனாலும் அந்த நிமிடங்களுக்குள் தாழ்ந்த நிலத்துக்கு வெளியேற வழி முன்கூட்டியே வரைந்திருக்க வேண்டும். அந்த வழி இல்லையென்றால் கோடு எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் அதன் மேல் பறக்க முடியாது.

இனி காற்று. நடு அட்சரேகைகளில் உயரத்தில் வீசும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வட இந்தியா, மத்திய கிழக்கு மேலே குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். லண்டன் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். மலேசியா பக்கம் இந்தக் காற்று இல்லை. ஆகவே வழி முழுவதற்கும் சராசரி எடுத்தால் எண் சிறிதாகவே வரும்.

உங்கள் 14 மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டாவது வழி 11,080, புறப்பாடு–இறக்கச் சுற்றுக்கு 100 சேர்த்தால் 11,180 கி.மீ. விமானத்தின் வேகம் காற்றுக்குள் 900. சராசரி எதிர்காற்று 60 என்று வைத்தால் தரைக்கு மேல் 840. அப்படியானால் 13 மணி 19 நிமிடம். மீதி 41 நிமிடம் இரண்டு நிலையங்களிலும் தரையில் ஊர்வதற்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதற்கும் போகிறது. டிக்கெட்டில் இருப்பது வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு வாயிலில் நிற்கும் வரையான நேரம். பறக்கும் நேரம் மட்டும் அல்ல.

இதே பறப்பைக் காற்றின் கண்ணால் பார்த்தால் தூரம் 11,180 × 900 ÷ 840, ஏறத்தாழ 11,980 கி.மீ. எரிபொருள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்கிறது, தரையின் எண்ணைப் பார்த்து அல்ல. வரும்போது சராசரி பின்காற்று 40 என்றால் 940 வேகம், 11 மணி 54 நிமிடம். தரை ஊர்தலையும் மற்றதையும் சேர்த்தால் 12 மணி 35 நிமிடம். அட்டவணையில் 13 மணி நேரம் ஒட்டிப் போடுவார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான்.

உயரத்தில் பறப்பதால் தூரம் கூடுகிறதா என்று அடிக்கடி கேட்பார்கள். கூடும், ஆனால் 11 கி.மீ. உயரத்துக்கு 0.17 விழுக்காடு மட்டுமே. கோலாலம்பூர்–லண்டன் முழுவதுக்கும் 18 கி.மீ. அதைவிட ஹீத்ரோவின் வரிசையில் காத்திருப்பது பெரிது. அங்கே காத்திருப்புச் சுற்றுகள் நான்கு இடங்களில் இருக்கின்றன, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். கிழக்குக் காற்று வீசும் நாளில் நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மேற்கிலிருந்து இறங்க வேண்டும்.

லோகன் (ஈப்போ):

இடையில் ஒரு கேள்வி. லண்டன் வடமேற்கே இருக்கிறது. பினாங்கும் கோலாலம்பூருக்கு வடமேற்கேதான். அப்படியானால் பினாங்கிலிருந்து கே.எல்.ஐ.ஏ. வந்து, மறுபடி பினாங்கு வழியாகவே போகிறோமா?

சிப்பாங் வான்வழி:

ஆமாம் லோகன், கிட்டத்தட்ட அப்படியே. கே.எல்.ஐ.ஏ.விலிருந்து பினாங்கு 331 டிகிரித் திசையில் இருக்கிறது. லண்டனுக்கான பெருவட்டம் 322 டிகிரியில் கிளம்புகிறது. 325 கி.மீ. போகும்போது இரண்டுக்கும் இடைவெளி 50 கி.மீ. கூட இல்லை. கோடு தீவுக்கு மேற்கே கடலில் போகிறது, வானம் தெளிந்திருந்தால் வலப்புற ஜன்னலில் தீவைப் பார்க்கலாம்.

அதனால்தான் பினாங்கிலிருந்து நேராகக் கணக்கிட்டால் 10,284, கோலாலம்பூரிலிருந்து 10,605. பினாங்கு 321 கி.மீ. அருகில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து லண்டனுக்கு நேர்ப் பறப்பு இல்லாததால் தெற்கே 325 கி.மீ. வந்து அதே வழியைத் திரும்பப் பறக்கிறோம். மொத்தக் கூடுதல் 646. சிங்கப்பூரில் மாறினால் இன்னும் கூடும்: பினாங்கு–சிங்கப்பூர் 602, சிங்கப்பூர்–ஹீத்ரோ 10,882, மொத்தம் 11,484. நேர்த் தூரத்தைவிட 1,200 கி.மீ. அதிகம்.

கோலாலம்பூரிலிருந்து தோஹா வழி போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு: 5,909 கூட்டல் 5,241, ஆக 11,150. நேர்ப் பறப்பின் உண்மைப் பாதையை ஒட்டியே வருகிறது. எனவே தூரத்தால் நட்டமில்லை. இரண்டாவது முறை ஏறி இறங்குவதிலும் காத்திருப்பதிலும்தான் நேரம் போகிறது.

மீரா (பிரிக்பீல்ட்ஸ், டிக்கெட் வேலை):

டிக்கெட் பக்கமிருந்து சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

பயண நேரத்தை டிக்கெட்டில் உள்ள புறப்பாடு–வருகை நேரங்களைக் கழித்துக் கண்டுபிடிக்கும்போது பலர் ஒரு மணி நேரம் தவறு செய்கிறார்கள். நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் 8 மணி, கோடையில் 7 மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள். இரவு 11.30-க்குக் கிளம்பி அங்கே காலை 5.45-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஜனவரியில் அது 14 மணி 15 நிமிடம். அதே நேரங்கள் ஜூலையில் போட்டிருந்தால் 13 மணி 15 நிமிடம்.

நகரக் குறியீட்டை வைத்துத் தூரம் தேடாதீர்கள். எல்ஓஎன் என்று போட்டால் லண்டன் நகரம் முழுக்க, எல்எச்ஆர் என்றால்தான் ஹீத்ரோ. ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் இடையே 40 கி.மீ. இருக்கிறது. நம் பக்கமும் அப்படித்தான்: கேயுஎல் என்பது இப்போது சிப்பாங்கிலுள்ள கே.எல்.ஐ.ஏ., பழைய நிலையமான சுபாங்கின் குறியீடு எஸ்இஸட்பி. கே.எல்.ஐ.ஏ. 1998 ஜூனில் திறந்தது. அதற்கு முன் அச்சான தூர அட்டவணையில் கோலாலம்பூர் என்றால் சுபாங். லண்டனுக்கு அங்கிருந்து 45 கி.மீ. குறைவு, அதனால் பழைய அட்டவணையில் 10,560 பார்த்தால் குழம்ப வேண்டாம்.

தூரம் பணமாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது, தாமத இழப்பீடு. பிரிட்டன் விதிப்படி 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பறப்பு, சேருமிடத்துக்கு 4 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் ஒருவருக்கு 520 பவுண்டு. 3 முதல் 4 மணி நேரத்துக்குள் என்றால் 260. இந்த 3,500-ஐப் பெருவட்டத் தூரத்தால்தான் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒரே முன்பதிவில் லண்டன்–கோலாலம்பூர்–பினாங்கு வந்தால் லண்டனுக்கும் பினாங்குக்கும் இடையிலான நேர்த் தூரம் கணக்கு, தாமதமும் பினாங்கில் இறங்கிய நேரத்தை வைத்தே. விமானத்தின் ஏதாவது ஒரு கதவு திறக்கும் நேரமே வருகை நேரம், சக்கரம் தரையைத் தொடும் நேரம் அல்ல. 2 மணி 55 நிமிடத்தில் தொட்டு 3 மணி 5 நிமிடத்தில் கதவு திறந்தால் அது 3 மணி தாண்டிய தாமதம்.

ஆனால் இது யாருக்குப் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். லண்டனிலிருந்து கிளம்பும்போது எந்த நாட்டு விமான நிறுவனமாக இருந்தாலும் பொருந்தும். இங்கிருந்து லண்டன் போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் மட்டும். வான்வெளி திடீரென மூடியதாலோ மோசமான வானிலையாலோ வந்த தாமதத்துக்குப் பணம் கிடைக்காது, சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். மலேசிய விதியில் தூரமே இல்லை, மணி நேரம் மட்டும்தான்: 2 மணி தாமதத்துக்குச் சாப்பாடு, 5 மணியோ அதற்கு மேலோ ஆனால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

வாசுகி (பாயான் லெப்பாஸ்):

மிகவும் நன்றி. எக்செலில் போட்டுப் பார்த்தேன், முதல் தடவை 10,221 வந்தது. வாத்தியார் எழுதியது போலக் கழித்தல் குறிதான் விட்டுப்போயிருந்தது. சரிசெய்ததும் 10,284. கரிமக் கணக்குக்கு 10,284 எடுப்பதா, 10,930 எடுப்பதா? அல்லது சிப்பாங் அண்ணன் சொன்ன 11,180-ஐயா?

சிப்பாங் வான்வழி:

10,284 வேண்டாம். நீங்கள் பறக்காத பறப்பு அது. கரிமக் கணக்கு எப்போதும் பறப்புக்குப் பறப்பு, தனித்தனி வரி. பினாங்கு–கே.எல்.ஐ.ஏ.வில் போவது சிறிய விமானம், அதில் ஏறும் பகுதிக்கே எரிபொருளில் பெரும்பங்கு போய்விடும். ஒரு கி.மீ.க்கான அளவு நீண்ட பறப்பின் அளவோடு ஒத்துப்போகாது. இரண்டையும் கூட்டி ஒரே வரியில் எழுதினால் தவறான காரணியால் (ஒரு கி.மீ.க்கு இவ்வளவு கரிமம் என்ற எண்) பெருக்குவீர்கள்.

11,180-உம் வேண்டாம். அது நாளுக்கு நாள் மாறும். உங்கள் அறிக்கையைச் சரிபார்க்கிறவர் அதே எண்ணை மறுபடி வரவழைக்க முடியாது. ஐக்கிய நாடுகளின் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ தன் கணிப்பானில் இதற்கு ஒரு நிலையான திருத்தம் வைத்திருக்கிறது. பெருவட்டத் தூரம் 550 கி.மீ.க்குக் குறைவு என்றால் 50 கூட்டு, 550 முதல் 5,500 வரை 100, அதற்கு மேல் 125. சுற்றுப்பாதை, காத்திருப்பு, வானிலை விலகல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது.

உங்கள் பயணத்துக்கு: முதல் வரி 325 கூட்டல் 50, 375. இரண்டாவது வரி 10,605 கூட்டல் 125, 10,730. ஒரு வழிக்கு மொத்தம் 11,105. திரும்பும் பயணத்துக்கும் இதே எண்கள். காற்று உதவியது என்று குறைக்க வேண்டாம்.

நீங்கள் பயன்படுத்தும் காரணிப் பட்டியலை மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். சில பட்டியல்களில் சுற்றுத் தூரத்துக்கான கூடுதலைக் காரணிக்குள்ளேயே சேர்த்துவிட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் 50-ஐயும் 125-ஐயும் கூட்டக் கூடாது, இரட்டிப்பாகிவிடும்.

நிலமட்டம் (தைப்பிங்):

வாத்தியாரின் எக்செல் கணக்குக்கு ஒரு திருத்தம். 6,371 என்பது பூமியை முழு உருண்டையாக எடுத்த சராசரி ஆரம். உண்மையில் நடுக்கோட்டில் 6,378.1, துருவத்தில் 6,356.8. தட்டையான இந்த வடிவத்தை வைத்துக் கணக்கிடும் தளங்கள் கொஞ்சம் வேறு எண் காட்டும். வித்தியாசம் அதிகபட்சம் 0.5 விழுக்காடு வரை போகலாம், 10,600-க்கு 50 கி.மீ. பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே இருக்கும். பிழையில்லை, மாதிரி வேறு. துல்லியமாக வேண்டுமென்றால் வின்சென்டி 1975-இல் தந்த முறையில் செய்யலாம். அறிக்கைக்கு வாத்தியாரின் வழி தாராளமாகப் போதும், ஆனால் எந்த முறை என்று அடியில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

இன்னொன்று: மிகச் சிறிய தூரங்களுக்கு, சில மீட்டர் அளவில், 'ஏகாஸ்' வழி சறுக்கும். காஸ் மதிப்பு 1-க்கு மிக அருகில் வந்து கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். பினாங்கு–கே.எல்.ஐ.ஏ. 325 கி.மீ. என்பதால் அந்தக் கவலை இல்லை.

கணக்கு வாத்தியார் (கிள்ளான்):

நிலமட்டம் சொல்வது சரி. எக்செலில் திசைக் கோணமும் கண்டுபிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'ஏடான்2' (ATAN2) சார்பில் எக்செல் முதலில் எக்ஸ், பிறகு ஒய் கேட்கும். பெரும்பாலான கணினி மொழிகளில் இது தலைகீழ். மாற்றிப் போட்டால் 322-க்குப் பதில் 128 டிகிரி வரும், விமானம் லண்டனை விட்டுவிட்டுத் தென்கிழக்கே ஜாவாக் கடல் பக்கம் கிளம்பிவிடும். விடை எதிர்மமாக வந்தால் 360-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: −37.7 என்பது 322.3.